247: கூட்டலா, பெருக்கலா?

தமிழில் எத்தனை எழுத்து என்று கேட்டால், பள்ளிக்கூடத்தை விட்டு நாற்பது வருடம் ஆனவர்கூட 247 என்று சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால் கணக்கும் கூடவே வரும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. ஒன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது, அதற்குப் பிறகு யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த எண்ணைக் கூட்டிப் பார்ப்பதைவிடப் பெருக்கிப் பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் அ முதல் ஔ வரை. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக க் முதல் ன் வரை. இரண்டும் சந்திக்கிற கட்டங்களில் க, கா, கி, கீ என்று நிரம்பியிருக்கும். உள்ளே உள்ள கட்டங்கள் 12 × 18 = 216. இப்போது மேல் வரிசை, ஓர வரிசை எல்லாவற்றையும் சேர்த்து முழு அட்டையையும் ஒரே செவ்வகமாகப் பாருங்கள். குறுக்கே 13 கட்டம், நெடுக்கே 19 கட்டம். 13 × 19 எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 247.

கூட்டி வந்த எண்ணே பெருக்கியும் வருகிறதே, இது தற்செயலா? இல்லை. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் இதற்கு விடை இருக்கிறது. உயிரின் எண்ணிக்கையை உ என்றும் மெய்யின் எண்ணிக்கையை ம என்றும் வைத்துக்கொண்டால், (உ + 1) × (ம + 1) = உம + உ + ம + 1. வலப்பக்கத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: உயிர்மெய், உயிர், மெய், ஒன்று. நம் எழுத்துக் கணக்கின் நான்கு உறுப்புகளும் அப்படியே அங்கே வரிசையில் நிற்கின்றன. உயிர் எத்தனை, மெய் எத்தனை என்பது மாறினாலும் இந்த அமைப்பு மாறாது.

கடைசியில் வருகிற அந்த ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. அட்டையின் இடது மேல் மூலையில் ஒரு கட்டம் மிஞ்சும். அது உயிர் வரிசையிலும் சேராது, மெய் வரிசையிலும் சேராது. சில அட்டைகளில் ஃ அந்த மூலையிலேயே உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் ஔவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டியிருப்பார்கள். ஆய்தத்துக்கு இலக்கணம் வைத்த பெயர்களில் ஒன்று தனிநிலை. உயிரோடும் ஒட்டாமல் மெய்யோடும் ஒட்டாமல் நிற்பதால் அந்தப் பெயர். மூலைக் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

இருந்தாலும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கணக்குப்படி அந்த மூலைக் கட்டத்தின் பொருள் "உயிரும் இல்லை, மெய்யும் இல்லை" என்பது, அதாவது வெறுமை. ஃ வெறுமை அல்ல. எஃகு, அஃது என்று சொல்லும்போது ஓர் ஒலி வரத்தான் செய்கிறது. ஆகவே எண்ணிக்கைதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆய்தம் இந்தக் கட்டத்துக்காகவே படைக்கப்பட்டது என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகப்படி.

12, 18 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? உயிரில் அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து குறில். ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடில், ஆக பத்து. குறில் துணை இல்லாத ஐ, ஔ இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. மெய்யில் வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. வல்லினமும் மெல்லினமும் சமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. க்-ங், ச்-ஞ், ட்-ண், த்-ந், ப்-ம், ற்-ன் என்று ஒவ்வொரு வல்லினத்துக்கும் ஒரு மெல்லினம் இணை. நாக்கும் உதடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடும்; மூக்கு வழியாகக் காற்றை விட்டால் மெல்லினம். சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று என்று சொல்லிப் பாருங்கள், ஜோடி ஜோடியாக வரும். இடையினமும் ஆறாக அமைந்ததற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. ய, ர, ல, வ, ழ, ள என்று எண்ணிப் பார்த்தால் ஆறு, அவ்வளவுதான்.

ஆக 12 என்பது இரண்டு ஆறு, 18 என்பது மூன்று ஆறு. பெருக்கினால் 2 × 3 × 6 × 6, அதாவது 6 × 6 × 6. உயிர்மெய் 216 என்பது ஆறின் கனம். 3, 4, 5 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் (27 + 64 + 125) அதே 216தான் வரும்.

உயிருக்கும் மெய்க்கும் இடையிலுள்ள இந்த 2:3 விகிதம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஐங்கோண எண்கள் என்று ஒரு வரிசை உண்டு: 1, 5, 12, 22, 35 என்று போகும். ஒரு புள்ளியில் தொடங்கி, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஐந்து பக்க வடிவங்களைப் புள்ளிகளால் வளர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கிற மொத்தப் புள்ளிகள் இவை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்வது 4, 7, 10, 13 என்று மூன்று மூன்றாகக் கூடும். 1 + 4 + 7 + 10 என்று தொடங்கி 37 வரை கூட்டிப் பாருங்கள். மொத்தம் 13 எண்கள். முதலாவதும் கடைசியும் சேர்ந்தால் 38, அதில் பாதி 19, அதுவே சராசரி. பதின்மூன்று எண்கள், சராசரி பத்தொன்பது. கூட்டினால் 247. அதாவது 247 பதின்மூன்றாவது ஐங்கோண எண்.

ஒரு மொழியில் உயிரும் மெய்யும் 2:3 என்ற விகிதத்தில் இருந்து, நம்மைப் போலவே ஆய்தம் ஒன்றும் இருந்துவிட்டால், மொத்த எழுத்து எப்போதும் ஐங்கோண எண்ணாகத்தான் இருக்கும். 10 உயிர், 15 மெய் என்று வைத்துப் பாருங்கள்: 11 × 16 = 176, அது பதினொன்றாவது ஐங்கோண எண். ஆனால் விகிதம் பார்த்து யாரும் தமிழுக்கு எழுத்து வகுக்கவில்லை. ஒலிகள் அப்படி அமைந்தன. அமைந்தபின் கணக்கு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐங்கோண எண்களை வெறும் புள்ளிக்கோல விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு (4 என்றால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம்) விடை தேடிய ஆய்லர், அந்தக் கணக்கின் நடுவே இந்த எண்கள் வந்து நிற்பதைக் கண்டார். கணிதமேதை ராமானுஜனும் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டியும் இதே பிரிவினைக் கணக்குக்கு 1918இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதைச் சரிபார்க்க உதவியது மேஜர் மக்மஹோன் 200 வரை கையாலேயே போட்டு வைத்திருந்த பட்டியல். ஆய்லரின் ஐங்கோண எண் வழியைப் பிடித்துத்தான் அவர் அதைப் போட்டார். 200க்கு வந்த விடை மூன்று லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம் கோடிக்கும் மேல். 247 அந்தப் பட்டியலுக்குச் சற்று வெளியே இருக்கிறது.

இனி எழுத்துகளை எண்ணாமல் ஒலித்துப் பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். அட்டையில் உள்ள 247 எழுத்தையும் ஒருமுறை சொல்லி முடிக்க எத்தனை மாத்திரை ஆகும்? உயிர்ப் பன்னிரண்டுக்கு ஐந்து குறில், ஏழு நெடில்: 5 + 14 = 19. உயிர்மெய்க்குத் தன் உயிரின் அளவே அளவு. மெய்யின் அரை மாத்திரையைத் தனியாகச் சேர்ப்பதில்லை. எனவே க வரிசைக்கு 19, ச வரிசைக்கு 19, இப்படியே பதினெட்டு வரிசை: 342. பதினெட்டு மெய்யும் ஆய்தமும் சேர்ந்து பத்தொன்பது அரை, அதாவது ஒன்பதரை. மொத்தம் 370½ மாத்திரை. அட்டையின் ஒவ்வொரு வரிசைக்கும் பத்தொன்பதரை, அப்படிப் பத்தொன்பது வரிசை. இந்தப் பத்தொன்பது எங்கே திரும்பினாலும் எதிரே வந்து நிற்கிறது. மெய்யோடு ஒன்று சேர்த்தாலும் 19, உயிர்களின் மாத்திரையைக் கூட்டினாலும் 19. முதலாவதற்குக் காரணம் தெரியும். இரண்டாவது, நெடில் ஏழாக இருப்பதால் வந்த யோகம்.

அடுத்து வருகிறவை வேறு ஜாதி. 247இன் இலக்கங்களைக் கூட்டினால் 2 + 4 + 7 = 13. 247ஐ 13 மீதியின்றி வகுக்கும். தன் இலக்கக் கூட்டுத்தொகையாலேயே வகுபடும் இப்படிப்பட்ட எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவர் த. ரா. காப்ரேகர். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு எண்களோடு விளையாடியே உலகப் புகழ் பெற்றவர். ஹர்ஷத் என்றால் மகிழ்ச்சி தருவது. மேலைநாட்டாருக்கு ராசியில்லாத அந்தப் பதின்மூன்றுதான் இங்கே 247ஐ மகிழ்ச்சி தரும் எண்ணாக்குகிறது.

இன்னொன்று. 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களையும் தலா ஒருமுறை மட்டும் பயன்படுத்தி இரண்டு ஐந்திலக்க எண்கள் எழுத வேண்டும், வித்தியாசம் முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். எப்படி எழுதுவீர்கள்? முதல் இலக்கங்கள் அடுத்தடுத்த எண்களாக இருக்க வேண்டும். பெரிய எண்ணின் மீதிப் பகுதி மிகச் சிறியதாகவும், சிறிய எண்ணின் மீதிப் பகுதி மிகப் பெரியதாகவும் இருக்க வேண்டும். மிகச் சிறியது 0123, மிகப் பெரியது 9876. மிஞ்சுவது 4, 5. ஆக 50123 - 49876. கழித்தால் 247. இதைவிடக் குறைக்க வழியே இல்லை.

கேட்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டுமே நாம் பத்து பத்தாக எண்ணுவதால் வந்த குணங்கள். எட்டு எட்டாக எண்ணியிருந்தால் இரண்டும் காணாமல் போயிருக்கும். 13 × 19 என்பது எப்படி எண்ணினாலும் போகாது. பழைய தமிழ்க் கணக்கில் 247ஐ ௨௱௪௰௭ என்று எழுதுவார்கள்: இரண்டு, நூறு, நான்கு, பத்து, ஏழு என்று நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி போட்டு. அதில் ௨ என்பது பார்வைக்கு உ, ௪ என்பது ச, ௭ என்பது எ. எழுத்துகளின் எண்ணிக்கையை எழுத்துகளைக்கொண்டே எழுதியது போல இருக்கும்.

இதெல்லாம் போக, தற்செயல்களின் ராஜா ஒன்று இருக்கிறது. 247ஐ ஏழால் பெருக்குங்கள். 1729. உடல்நலமில்லாமல் லண்டன் பட்னியில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கப் போன ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் சப்பென்று இருக்கிறது என்று சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் பதில் சொன்ன அதே 1729. 12இன் கனமும் 1இன் கனமும். 10இன் கனமும் 9இன் கனமும். கும்பகோணத்துப் பள்ளியில் படித்த பையனின் எண்ணுக்குள் தமிழ் எழுத்துகளின் எண் ஏழுமுறை ஒளிந்திருக்கிறது, அந்த ஏழும் நெடிலின் எண்ணிக்கை! போதாதென்று 1729 = 13 × 133. திருக்குறளின் அதிகாரங்கள் 133. உயிரோடு ஒன்று சேர்த்து அதிகாரங்களால் பெருக்கினால் ராமானுஜன் எண் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாரிக்க இவ்வளவு போதும்.

அப்படி ஒரு செய்தி வந்தால் நம்பாதீர்கள். கணக்கு சரிதான், பொருள்தான் ஒன்றும் இல்லை. 7, 13, 19 என்று சின்னச் சின்னப் பகா எண்கள் எல்லா இடத்திலும் வந்துகொண்டேதான் இருக்கும். தேடினால் எந்த இரண்டு எண்ணுக்கும் இப்படி ஓர் உறவைக் கண்டுபிடிக்கலாம். காரணம் சொல்ல முடிகிற ஒற்றுமைக்கும், காரணம் இல்லாத ஒற்றுமைக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் எண் ஜோசியக்காரர்களுக்கு வேலை போய்விடும்.

இன்னொரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். நம் இலக்கண ஆசிரியர்களின் கணக்கு 247 அல்ல. தொல்காப்பியம் எழுத்து முப்பது என்கிறது: உயிர் 12, மெய் 18. அவற்றைச் சார்ந்து வரும் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றைச் சேர்த்தால் 33. உயிர்மெய்யைத் தனி எழுத்தாக எண்ணவே இல்லை, அது இரண்டின் சேர்க்கை என்பதால். பல நூற்றாண்டு கழித்து நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வேறு பக்கம் போனார். முதலெழுத்து அதே 30. சார்பெழுத்தைப் பத்து வகையாக்கி, ஒவ்வொன்றையும் விரித்தார். உயிர்மெய் 216, ஆய்தம் 8, உயிரளபெடை 21, ஒற்றளபெடை 42, குற்றியலுகரம் 36, குற்றியலிகரம் 37, ஐகாரக்குறுக்கம் 3, ஔகாரக்குறுக்கம் 1, மகரக்குறுக்கம் 3, ஆய்தக்குறுக்கம் 2. மொத்தம் 369. முதலெழுத்தைச் சேர்த்தால் 399.

முப்பதுக்கும் 399க்கும் நடுவே 247 எங்கிருந்து வந்தது? நன்னூலின் பத்து வகையில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் ஆய்தத்தின் எட்டை ஒன்றாக்கிவிட்டால் 30 + 216 + 1. மற்றவை எல்லாம் ஒலியின் அளவு குறைவதையும் நீள்வதையும் பற்றிய கணக்கு. அவற்றுக்குத் தனி வடிவம் கிடையாது. நாடு என்ற சொல்லின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகினாலும் எழுதுவது அதே டு. காதால் எண்ணினால் 399, கண்ணால் எண்ணினால் 247. ஸ்லேட்டில் எழுதிப் பழகுகிற குழந்தைக்குக் கண் கணக்குதான் உதவும் என்பதால் பள்ளிக்கூடம் அதை எடுத்துக்கொண்டது.

கண் கணக்கிலும் எல்லாக் கட்டத்துக்கும் வேலை இருக்கிறதா என்றால், இல்லை. ங வரிசையைப் பாருங்கள். அங்ஙனம், இங்ஙனம் என்ற இரண்டு மூன்று சொற்களில் ங வருகிறது. ஙா முதல் ஙௌ வரை உள்ள பதினோரு கட்டமும் அட்டையை நிரப்புவதற்காகவே இருக்கின்றன. ஆத்திசூடி பாடிய ஔவைக்கும் ங-வில் தொடங்கும் சொல் கிடைக்கவில்லை. அந்த எழுத்தின் வடிவத்தையே உவமையாக்கித் தப்பித்துக்கொண்டார்.

சொல்லின் முதலில் எந்த எழுத்து வரலாம் என்று இலக்கணம் கறாராகச் சொல்லியிருக்கிறது. தொல்காப்பியக் கணக்கில் உயிர் 12, க த ந ப ம ஐந்தும் எல்லா உயிரோடும் 60, ச வரிசையில் 9, வ வரிசையில் 8, ஞ வரிசையில் 3, ய வரிசையில் யா மட்டும். மொத்தம் 93 (நுந்தை என்ற ஒரு சொல்லுக்காகக் குற்றியலுகரத்தையும் சேர்த்தால் 94). இந்தக் கணக்கில் ச என்ற எழுத்தே சொல்லுக்கு முதலில் வராது. சட்டி, சந்தை, சரி எல்லாம் விதிக்கு வெளியே! நன்னூல் வருவதற்குள் சொற்கள் பெருகிவிட்டன. ச வரிசை முழுவதும் உள்ளே வந்தது, ய ஆறாகவும் ஞ நான்காகவும் கூடி, ங-வுக்கும் ஓர் இடம் கொடுத்து 103 ஆயிற்று. இன்றைக்கு டீ குடித்துவிட்டு, லாரிக்கு வழிவிட்டு, ரயிலைப் பிடிக்கிறோம். மூன்றுமே நன்னூல் அனுமதிக்காத தொடக்கங்கள்.

அட்டைக்கே வெளியே நிற்கிற எழுத்துகளும் உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற கிரந்த எழுத்து ஐந்தையும் சேர்த்தால் மெய் 23 ஆகும். மேலே சொன்ன அதே பெருக்கல்: 13 × 24 = 312. அதோடு ஸ்ரீ ஒன்று தனியாக, 313. தமிழ்ப் பாடநூல் 247 என்று சொல்லும்போது இவற்றை எண்ணுவதில்லை. ஆனால் ஜெயலலிதா, ஸ்டாலின் என்ற இரண்டு முதலமைச்சர்களின் பெயரும் 247க்கு வெளியே உள்ள எழுத்தில்தான் தொடங்குகிறது. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அட்டையின் மூலையில் சும்மா இருந்த ஃகூட இப்போது ஃபேன், ஃபோன் என்று புது வேலைக்குப் போய்விட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

247 எழுத்தா, எப்படிப் படிப்பது என்று மலைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரும் 247ஐத் தனித்தனியாகப் படிப்பதில்லை. முப்பத்தோரு எழுத்தும், கால், கொம்பு, கொக்கி, புள்ளி போன்ற சில குறிகளும் தெரிந்தால் அட்டையின் பெரும்பகுதி வந்துவிடும். தகராறு செய்வது உகர, ஊகார வரிசைகள்தான். கு, சு, டு, ணு, து என்று ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வளையும். பெரியார் 1935இல் குடிஅரசில் கொண்டுவந்த சீர்திருத்தம் ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளில் முரண்டு பிடித்த ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்தை வழிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 1978இல் அதை ஏற்றது. துணைவேந்தராக இருந்த வா. செ. குழந்தைசாமி அடுத்த படியாக இ, ஈ, உ, ஊ வரிசைகளையும், அதாவது 72 எழுத்தையும், தனிக்குறி போட்டு ஒழுங்காக்கலாம் என்று நெடுங்காலம் வாதாடினார். எதிர்ப்பு வலுவாக இருந்தது, நடக்கவில்லை. குழந்தைகளின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

இந்த எண் உண்மையிலேயே தொல்லை கொடுத்தது குழந்தைகளைவிட இயந்திரங்களுக்கு. தட்டச்சுப் பொறியில் 247 விசை வைக்க முடியாது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலை பார்த்த ஆர். முத்தையா, எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து அந்தச் சிக்கலை அவிழ்த்தார். அவருடைய உத்திகளில் அழகானது நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாளில் புள்ளி விழும், ஆனால் உருளை நகராது. அடுத்து க-வைத் தட்டினால் அது புள்ளிக்குக் கீழே வந்து விழும்; க் தயார். 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகை இன்னும் சிக்கனம். பன்னிரண்டு உயிரும் இடக்கைப் பக்கம், பதினெட்டு மெய்யும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், புள்ளிக்கு ஒன்று. 31 விசை போதும், பெருக்கலை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

கணினிக்குள் சேமிப்பதில்தான் தகராறு வந்தது. ஒரு பைட்டில் 256 இடம். 247 எழுத்தும் அதில் அடங்கி ஒன்பது இடம் மிஞ்சும். ஆனால் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் முதல் பாதி ஏற்கெனவே போய்விட்டது. மீதி 128 இடத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை வந்ததில், ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. யூனிகோடு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் தமிழுக்கு அது ஒதுக்கிய இடமும் 128தான். அதில் நிரம்பியவை எண்களும் குறிகளும் சேர்த்து 72. உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டு, கி வேண்டுமானால் க-வையும் கொக்கியையும் சேர்த்துக்கொள் என்று விட்டுவிட்டது. இலக்கணம் க் + அ = க என்கிறது. யூனிகோடோ க-வில் தொடங்கி, புள்ளி வைத்து க் ஆக்குகிறது. நேர்மாறான திசை.

கொரியர்களுக்கு வேறு கதை. அவர்கள் எழுத்தும் நம்முடையதைப் போலப் பெருக்கலால் ஆனது. தொடக்க மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதியில் மெய்யே இல்லாமலும் வரலாம் என்பதால் அங்கேயும் ஒரு "+1", ஆக 28. 19 × 21 × 28 = 11,172. அத்தனை அசைக்கும் தனித்தனி இடம் யூனிகோடில் அவர்களுக்குக் கிடைத்தது. பதினோராயிரத்துக்கு இடம் இருக்கும்போது 247க்கு இல்லையா என்ற ஆதங்கத்தில் தமிழ்க் கணினி வல்லுநர்கள் எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறிமுறையை உருவாக்கினார்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு அதையும் ஏற்றது. ஆனால் உலகம் முழுவதும் கைபேசியும் இணையமும் அதற்குள் யூனிகோடில் ஊறிவிட்டிருந்தன.

அதனால் உங்கள் கைபேசியின் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும் இன்றும் ஒத்துவராது. தமிழ் என்ற சொல்லில் எழுத்து மூன்று. யூனிகோடில் த, ம, கொக்கி, ழ, புள்ளி என ஐந்து. வணக்கம் என்பதில் எழுத்து ஐந்து; யூனிகோடில் ஏழு. ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து வரை ஒரே கட்டணம் என்றால், தமிழுக்கு 70, அந்த எழுபதிலும் கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் போய்விடும். விண்ணப்பப் படிவங்களில் "30 எழுத்துகளுக்குள்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கைபேசிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கு வேண்டுமென்றால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மீதியை மட்டும் எண்ணச் சொன்னால் போதும், ஏறக்குறைய எப்போதும் சரியாக வரும். க்ஷ, ஸ்ரீ வந்தால் மட்டும் ஒன்று கூடுதலாகக் காட்டும். அவை இரண்டும் 247க்கு வெளியே உள்ளவை.